உப்பளத்தில் விழுங்கிய மாத்திரை

டாக்டர் சிவசைலத்துக்கு ஒரு குரு இருந்தார். அவரைவிடப் பதிமூன்று வயது இளையவர். பெயர் லீதியாள். வெள்ளைத்துறை என்ற உப்பளக் குடியிருப்பில் நர்சாக இருந்தார்.

ஓய்வுபெற்ற பிறகு, பாளையங்கோட்டை வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்களிடம் டாக்டர் தன் பதவிகளைப் பற்றிப் பேசுவதில்லை. வெள்ளைத்துறையில் கழித்த நாட்களைப் பற்றித்தான் பேசுவார். அங்கே காற்றே நாக்கில் கரிக்கும் என்பார். சாயங்காலம் சட்டையை உதறினால் வெள்ளையாகக் கொட்டும் என்பார். அவர் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்து, "திரும்பவும் உப்பளத்துக்குப் போயிட்டாங்க" என்பார்.

அவர் சொன்ன கதை இது.

அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. தாய்மார் நலத் திட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. கர்ப்பிணிகளுக்கு இரத்தம் ஊறுவதற்கென்று ஒரு திட்டத்தை அவரே வகுத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் நூறு இரும்புச்சத்து மாத்திரைகள். தினமும் ஒன்று, காலையில், வெறும் வயிற்றில். அப்படிச் சாப்பிட்டால்தான் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும் என்று அவர் படித்த புத்தகங்கள் சொல்லின.

மாதா மாதம் எல்லா ஊர்களிலிருந்தும் படிவங்கள் வந்தன. வெள்ளைத்துறையிலிருந்து வந்த படிவம் எப்போதும் சுத்தமாக இருக்கும். கர்ப்பிணிகள் நாற்பத்தொரு பேர். மாத்திரை பெற்றவர்கள் நாற்பத்தொரு பேர்.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி செல்லக்கனி. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு இரத்தம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் இறந்துவிட்டாள். இருபத்துநாலு வயது.

அவளுக்கு உடம்பில் இரத்தமே இல்லை என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. நூறு மாத்திரை வழங்கப்பட்டது என்று வெள்ளைத்துறை நர்ஸ் எழுதியிருந்தார்.

டாக்டர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். விளக்கம் கேட்டு ஒரு மெமோ தட்டச்சு செய்யச் சொன்னார். அதைத் தபாலில் அனுப்ப மனமில்லாமல், தானே எடுத்துக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார்.

துணை சுகாதார நிலையத்தின் வாசலில் லீதியாள் எடைக் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் உட்காரவில்லை.

"பொய்க் கணக்கு எழுதியிருக்கீங்க சிஸ்டர்."

லீதியாள் மெமோவை வாங்கிப் படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் என்கூட வாரீங்களா சார்?"

செல்லக்கனியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் அக்கா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். லீதியாள் எதுவோ மெல்லக் கேட்டார். அக்கா உள்ளே போய் ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து வந்து டாக்டரிடம் நீட்டினாள்.

திறந்து பார்த்தார். உள்ளே மாத்திரைகள். எண்ணினார். எண்பத்துமூன்று.

இருவரும் திரும்பி நடந்தார்கள். உப்பு மேட்டருகே டாக்டர் நின்றார்.

"நீங்க கொடுத்தது உண்மைதான்."

"கொடுத்தேன் சார்."

"அவ ஏன் சாப்பிடல?"

லீதியாள் குனிந்து காலில் ஒட்டிய உப்பைத் தட்டினார்.

"உங்களுக்குத் தெரியுமா, அவ சாப்பிடலைன்னு?"

"தெரியும்." லீதியாளின் குரல் இறங்கியது. "சாப்பிட்டேன்க்கான்னு சொன்னா. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. அதை எழுதுறதுக்கு உங்க படிவத்தில இடம் இல்ல. நான் எழுதல. எழுதாததனால அப்படியே விட்டுட்டேன். அந்த மெமோ எனக்கு வர வேண்டியதுதான் சார். ஆனா நீங்க எழுதின காரணத்துக்கு இல்ல."

டாக்டர் உப்பு விளையும் பாத்திகளைப் பார்த்தார். வெயிலில் அவை கண்ணாடிபோலக் கண்ணைக் கூசவைத்தன. தூரத்தில் பெண்கள் தலையில் உப்புப் பெட்டியோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கத்துக்கொடுங்க சிஸ்டர்" என்றார்.

"எனக்கு என்ன சார் தெரியும்? ஜீப்பை அனுப்பிட்டு ஒரு வாரம் இருங்க."

டாக்டர் லீவு எழுதிக் கொடுத்து ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். மாதா கோயிலை ஒட்டியிருந்த ஒரு அறையில் தங்கினார்.

முதல் நாள் பெண்களைக் கூட்டி வைத்துக் கேட்டார்.

"மாத்திரையை ஏன் சாப்பிடறதில்ல?"

"மறந்து போவுது சார்" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறதிக்கு ஒரு அட்டை அடிச்சுக் கொடுத்துடலாம்" என்றார் டாக்டர். "தினமும் ஒரு கோடு போடட்டும்."

லீதியாள் சிரித்தமாதிரி இருந்தது. சிரிக்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் லீதியாள் அவர் அறைக்கு வந்தார். ஒரு தம்ளர் தண்ணீரையும் ஒரு மாத்திரையையும் நீட்டினார்.

"என்ன இது?"

"உங்க மாத்திரைதான் சார். காலையில, வெறும் வயித்துல."

டாக்டர் அவரைப் பார்த்தார். வாங்கி விழுங்கினார்.

"இப்ப வேலைக்குப் போகலாம்."

உப்பளத்தில் அவர் தலையிலும் ஒரு பெட்டி ஏறியது. பாத்தியிலிருந்து மேடு வரைக்கும் சுமந்துபோய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். பெண்கள் வாயை மூடாமல் சிரித்தார்கள். முத்துக்கிளி என்பவள் அவர் தலையில் சும்மாடு சுற்றி வைத்தாள். அவளுக்கு ஐந்து மாதம்.

"பாத்து நட சார். வழுக்கும்."

மூன்றாவது நடையில் அவருக்கு வயிற்றைப் புரட்டியது. ஐந்தாவது நடையில் கண் இருட்டியது. ஏழாவது நடையில் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரப்போரம் குனிந்து வாந்தி எடுத்தார். வயிறு முறுக்கியது. நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தார். ஒரு மரம் இல்லை. ஒரு புதர் இல்லை. கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. அதன் நடுவில் முப்பது பெண்கள், கண்காணி, லாரிக்காரர்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முத்துக்கிளி தன் தூக்குப் போணியிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

"எங்களுக்கும் இப்படித்தான் சார் பண்ணும்" என்றாள். "குடலைப் புடுங்கும். எங்க போயி ஒதுங்க? பெட்டியைக் கீழ வச்சா கண்காணி வைவான். வெளிக்குப் போனா கருப்பாப் போவுது. உள்ள என்னமோ கெட்டுப் போச்சுன்னு பயம். இதையெல்லாம் ஆம்பளைக்கிட்ட எப்படிச் சொல்ல?"

டாக்டர் வரப்பில் உட்கார்ந்தார். லீதியாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காலையில வெறும் வயித்துல சாப்பிடணும்ங்கிறது சரியான மருத்துவம்தானே சிஸ்டர்?"

"சரியான மருத்துவம்தான் சார். வயிறுதான் வேற."

அந்த ஒரு வாரத்தில் டாக்டர் பேசியது குறைவு. லீதியாள் வீடு வீடாகப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். எந்த வீட்டில் எப்போது உலை கொதிக்கிறது, யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் லீதியாளுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் வயிறார ஒரு வேளை உண்பது வேலை முடிந்து வந்து பிற்பகல் இரண்டரை மணிக்கு. நாலு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். அதற்கு முக்கால் மணி முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சும்மா உட்காரும் நேரம் நாளில் அது ஒன்றுதான்.

"அங்கே கொடுத்தா என்ன சார்?" என்றார் லீதியாள். "சாப்பிட்ட வயிறு. எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க. ஒருத்தி விழுங்கினா இன்னொருத்தி விழுங்குவா. கருப்பாப் போறதைப் பத்தியும் அங்கேயே பேசிக்கலாம். ஆம்பளைங்க அந்தப் பக்கம் வர்றதில்ல."

"நான்?"

"நீங்க தள்ளி நில்லுங்க சார்."

டாக்டர் தள்ளி நின்றார்.

லீவு முடிந்து அலுவலகம் திரும்பிய பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்துவிடுவார். இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு தவறைக் கண்டுபிடித்தார். மாத்திரையை விழுங்கிய கையோடு எல்லோரும் கடையிலிருந்து வாங்கிவந்த டீயைக் குடித்தார்கள்.

"டீ குடிச்சா மாத்திரையோட பலன் போயிடும்" என்றார். "டீயை நிறுத்தச் சொல்லுங்க."

"டீயை நிறுத்தச் சொன்னா மாத்திரையை நிறுத்திருவாங்க சார்."

"அப்ப என்னதான் செய்யறது?"

"எனக்கும் தெரியல. கேட்டுப் பார்ப்போம்."

லீதியாள் டீயைப் பற்றிப் பெண்களிடம் சொன்னார். ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் முத்துக்கிளிதான் சொன்னாள்: "கருப்பட்டியைக் கரைச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஒரு பானை பானக்கம் வச்சிருவோம்க்கா. வாய்க்கு ருசியா அது இருந்தா டீயை யாரு தேடுவா? தண்ணி புடிச்சிட்டு வீட்டுக்குப் போயி டீயைக் குடிச்சுக்கலாம்."

எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து இன்னும் நன்றாக உடம்பில் ஏறும். அது டாக்டருக்குத் தெரியும். முத்துக்கிளிக்குத் தெரியாது. ஆனால் சொன்னது அவள்.

உப்பளத்துக்காரரைப் பார்த்துப் பேசி, வரப்போரம் பெண்களுக்கு ஓலைத்தட்டி வைத்து ஒரு மறைப்பு கட்ட வைத்தார் டாக்டர். அந்தத் திட்டத்தில் அவர் செய்தது அது ஒன்றுதான் என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். அது கட்டி முடித்த அன்று பெண்கள் அவருக்கு முதல் தம்ளர் பானக்கம் கொடுத்தார்கள். அந்த ருசி பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை என்பார்.

முத்துக்கிளிக்கு முதலில் பார்த்தபோது இரத்த அளவு ஏழு புள்ளி நாலு. நிறைமாதத்தில் பத்தைத் தாண்டியிருந்தது.

அவளுக்கு வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். லீதியாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டரும் கூடப் போனார். பெண் குழந்தை. பிறகு இரத்தம் போகத் தொடங்கியது. பிரசவ அறைக்கு வெளியே நின்ற டாக்டருக்கு எண்பத்துமூன்று என்ற எண் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே லீதியாளின் குரல் மட்டும் கேட்டது. "கிளி, என்னைப் பாரு. கண்ணை மூடாத. என்னைப் பாரு."

ஒரு மணி நேரம் கழித்து லீதியாள் வெளியே வந்து சுவரில் சாய்ந்தார். சேலையெல்லாம் இரத்தம்.

"நின்னுட்டுது சார்."

"எவ்வளவு போச்சு?"

"செல்லக்கனிக்குப் போன அளவு இருக்கும்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "கஞ்சி கேக்கறா."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். பிரசவம் பார்த்துப் பழகிய மனுஷன் அழுகிறாரே என்று அங்கிருந்தவர்கள் பார்த்தார்களாம்.

பிறகு அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மூன்று வாரம் எழுதினார். நாற்பது பக்கம். சாப்பிட்ட பிறகு மாத்திரை. மாலை நாலு மணிக்கு முன், தண்ணீர் பிடிக்கும் இடம். எலுமிச்சைப் பானக்கம், அளவோடு. ஓலைத்தட்டி, நீள அகலத்தோடு. எல்லா ஊர்களுக்கும் அதை அனுப்பிவிடலாம் என்று மேலிடம் ஒப்புக்கொண்டது. முதல் பக்கத்தில், வகுத்தவர் என்ற இடத்தில், தன் பெயருக்கு மேலே லீதியாளின் பெயரைப் போட்டிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு வெள்ளைத்துறைக்கு வந்தார். லீதியாள் தடுப்பூசி போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, கையில் கொடுத்தார்.

லீதியாள் நின்றபடியே படித்தார். ஒரு பக்கத்தையும் விடவில்லை. தன் பெயர் இருந்த இடத்தில் விரல் சற்று நின்றது.

"எல்லாம் சரியா வந்திருக்கா சிஸ்டர்?"

"இங்க நடந்ததை அப்படியே எழுதியிருக்கீங்க சார்."

"அடுத்த மாசம் மலையில ஆரம்பிக்கிறோம். காப்பித் தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைங்க. அங்கேயும் இதே நிலைமைதான். எல்லார் இரத்தமும் வெளுத்துக் கிடக்கு."

"மலையில தண்ணி லாரி வருமா சார்?"

டாக்டர் யோசித்தார்.

"வராது. அங்கே ஓடை இருக்கு."

"அவங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுவாங்க?"

"தெரியல."

"எங்க உக்காந்து பேசுவாங்க?"

"அதுவும் தெரியல." நாற்பது பக்கங்களையும் டாக்டர் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப இதுல என்ன எழுதறது சிஸ்டர்? யாரைக் கேக்கறது?"

லீதியாள் தடுப்பூசிப் பெட்டியை மூடினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அங்க மாத்திரை கொடுக்கப்போற சிஸ்டர் பேரு என்ன சார்?"

டாக்டர் சிவசைலத்துக்குத் தெரிந்திருக்கவில்லை.