ஏழாவது குடுவை

“‘நாலு வருஷமா அடுப்புல வெச்சுக் கிண்டறீங்களே, ஒரு புழு பூச்சியாவது வந்துச்சா?’ இப்படித்தான் கேட்டாங்க சார், பச்சைக் கூடையோட வந்த அந்தம்மா. ஒரு எழுத்து மாத்தாம சொல்றேன். போன வருஷம் மக்கள் நாள்ல, லேபைப் பாக்க வந்த நூறு பேருக்கு முன்னாடி!”

நாவுக்கரசு குடுவைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பெயர்தான் நாவுக்கரசு. வாயைத் திறந்தால் எதுவோ கொட்டிப் போய்விடும் என்று பயம்.

“இந்த வருஷம் நான் விடப்போறதில்ல. ஆறு குடுவையும் ஊதா. ஆறுக்கு ஆறு! நாளைக்கு மக்கள் நாள், பத்திரிகைக்காரங்களும் வராங்க. சொல்லிடறேன்” என்றாள் பிலோமினா.

“ஏழாவது?” என்றான்.

ஒரு மாதமாக இதே கேள்விதான்.

பிலோமினாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, வேலையை உதறிவிட்டு, ஆராய்ச்சிக்கு வந்தவள். வந்து சேர்ந்த இடத்தில் தலைமை யார் என்று பார்த்தால், தன்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பயல். அவள் அவனை ‘சார்’ என்பாள். அவன் அவளை ‘மிஸ்’ என்பான். அவளுக்குக் கோபம் வந்தால் ‘டேய்’ நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும்.

உயிர் தோன்றுமுன் பூமி எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு. அதன்படி ஆறு குடுவையில் எளிய ரசாயனங்களும் உப்பளச் சேறும். பகலில் காயும், மாலையில் நனையும். மின்னல் வேண்டாம், வெயில் போதும், அமினோ அமிலம் தானே உண்டாகும் என்பது அவள் கட்சி. உண்டானால், ஒரு சொட்டைத் தாளில் வைத்து மருந்து தெளித்துச் சூடு காட்டினால் ஊதா நிறம் வரும்.

வந்துவிட்டது. ஆறிலும்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஏழாவதில் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும்.

“தண்ணியில என்ன சார் இருக்கப்போகுது? அதைச் சோதிச்சு நேரத்தை வீணாக்கணுமா?”

நாவுக்கரசு எழுந்து போனான். ஏழாவது குடுவையைக் கொண்டுவந்து, கண்காட்சி மேசையில் மற்ற ஆறுக்கும் முன்னால் வைத்தான்.

“இதை முதல்ல காட்டுங்க, மிஸ்.”

“ஒண்ணுமில்லாததையா?”

அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

*

மறுநாள் அதே அம்மா வந்தார். அதே பச்சைக் கூடை. அதே குரல்.

“இது என்னம்மா?”

“ஒண்ணுமில்லைங்க. தண்ணி.”

“தண்ணியையா காட்சிக்கு வெச்சிருக்கீங்க? அது எங்க வீட்லயே இருக்கே!”

கூட்டம் சிரித்தது. பத்திரிகைக்காரரும் சிரித்தார்.

பிலோமினாவுக்குச் சுர்ரென்று ஏறியது. இவர்களுக்கு ஒண்ணுமில்லை என்றால் என்னவென்று இன்றைக்குக் காட்டிவிடுவது.

கையுறையைக் கழற்றினாள். குடுவையைத் தொடும்போது உறை, தாளைத் தொடும்போது வெறுங்கை. உறை போட்டால் தாள் வழுக்குகிறது. தாளை மேசையில் வைத்து, சுருக்கம் போகப் பெருவிரலால் ஒரு அழுத்து. பரீட்சைத் தாள் திருத்தித் திருத்தி வந்த பழக்கம்.

ஏழாவதிலிருந்து ஒரு சொட்டு. மருந்து. சூடு.

“பாருங்க. ஒரு நிறமும் வராது. ஏன்னா இதுல...”

வந்தது.

முதலில் வெளிறி, பிறகு நன்றாகவே, ஊதா.

“அடேயப்பா!” என்றார் அந்தம்மா. “வெறும் தண்ணியிலயே வந்துடுச்சே! நல்லா இருப்பீங்க டீச்சர், சாதிச்சுட்டீங்க!”

யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள்.

பிலோமினா தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள். வட்டத்துக்குள் வட்டம். நடுவே, குறுக்காக ஒரு வெட்டு.

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டும்போது பெருவிரலில் பட்ட கத்தி. விரல் வேர்வையிலும் அமினோ அமிலம் உண்டு.

கோப்பைப் பிரித்தாள். போன மாதத்து ஆறு தாள்கள். ஒன்றாவதில் அந்த வெட்டு. இரண்டாவதில் அந்த வெட்டு. மூன்றாவதை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். நாவுக்கரசு கதவோரம் நின்றிருந்தான். அவன் ஒருவன்தான் கை தட்டவில்லை.

“தலைப்பு என்ன போடலாம், மேடம்?” என்றார் பத்திரிகைக்காரர்.

“நிறுத்துங்க.”

கைதட்டல் நிற்கவில்லை. அந்தம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, குடுவையோடு சேர்ந்து நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிலோமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள். கையில் அந்தத் தாள்.

“அம்மா, போன வருஷம் ஒண்ணு கேட்டீங்களே. அதை இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, கொஞ்சம் சத்தமா கேளுங்க.”