எட்டாம் மடையின் மிச்ச முறை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறேன். யாராவது "நிறையப் பேர் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால், "நிறையன்னா எத்தனை பேர்?" என்று கேட்டுக் கேட்டே விடுதியில் பாதித் தோழிகளை இழந்தவள். மீதிப் பேர் ஒரே அறையில் என்னோடு மாட்டிக்கொண்டதால் வேறு வழியில்லாமல் தோழிகளாக இருக்கிறார்கள். ஆகவே இதில் வருகிற புளுகு அத்தனையும் பொங்கியண்ணன் மாமாவுக்குச் சொந்தம். என்னுடையது ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் வாய்க்கால் பாசனம். அணையிலிருந்து வரும் வாய்க்காலில் எட்டாம் மடை எங்களுடையது. ஒவ்வொரு காட்டுக்கும், அதாவது விளைநிலத்துக்கும், இவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை உண்டு. அதற்குள் கொடுக்கல் வாங்கலும் உண்டு. "இந்தச் சுத்து உன்ற முறைய எனக்கு விடு, அடுத்த சுத்து என்றத நீ எடுத்துக்க" என்பார்கள். பருவக் கடைசியில் மட்டும் இந்த வியாபாரம் செல்லாது. அடுத்த சுற்றே கிடையாது, அணையை அடைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் யாராவது அறுவடை முடிந்து தன் முறையை வேண்டாமென்று விட்டால், அது மிச்ச முறை. அதற்கு மாற்றாகக் கொடுக்க யாரிடமும் எதுவும் இருக்காது, வாயைத் தவிர.

அதனால் மிச்ச முறை வேண்டுகிறவர்கள் மடைக்கு வந்து கரையில் உட்கார்ந்து பேச வேண்டும். கேட்டுவிட்டுப் பாசன சபைத் தலைவி தீர்ப்புச் சொல்வார். இதுவரை சரி. ஆனால் கூடவே ஒரு கொடுமையான சட்டம். மடையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் பொய் என்று சொல்லக் கூடாது. என்றைக்கோ அந்த ஒரு வார்த்தைக்காக மம்பட்டிகள் எழும்பி மண்டைகள் உடைந்தனவாம். இப்போது ஒரு தடவை சொன்னால் எச்சரிக்கை. மறுபடி சொன்னால் தண்ணீர் கேட்கிற உரிமையே போய்விடும். தான் சொன்னது பொய் என்று தானே ஒப்புக்கொள்கிறவருக்கும் உரிமை போச்சு. தீர்ப்பும், பேசினதெல்லாம் நிஜம் என்று வைத்துக்கொண்டுதான். இது எந்த ஊர் நியாயம்? எங்கள் ஊர் நியாயம்.

இந்தச் சட்டத்தால் வருடா வருடம் மிச்ச முறையை அடித்துக்கொண்டு போகிறவர் பொங்கியண்ணன் மாமா. இந்தத் தடவையும் அவருடைய சோளம் அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் கேட்பது தென்னந்தோப்புக்கு. ஒரு தண்ணீர் தவறினால் தென்னை செத்தா போகும்?

எங்கள் கடலை செத்துப் போகும். காடு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. பருப்பு முற்றுகிற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் வெள்ளாமை வீடு வந்து சேரும். பாயாவிட்டால் மண் இறுகி, பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வரும், காய் உள்ளேயே தங்கிவிடும். அப்பா டிராக்டரிலிருந்து இறங்கும்போது காலை முறித்துக்கொண்டு கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். அம்மா அவரை விட்டு நகர முடியாது. விடுமுறைக்கு வந்த என்னை அனுப்பினார்கள். "போனமா, தண்ணியோட வந்தமான்னு இருக்கோணும். அங்க போயி ஞாயம் பேசாத" என்றார் அம்மா. என்னைப் பெற்றவர்தான். இருந்தும் அப்படி ஒரு நம்பிக்கை.

கரையில் தலைவி ரத்தினாள் அக்கா வெற்றிலையை மடித்து வாயில் போட்டு உட்கார்ந்திருந்தார். மடையைத் திறந்து அடைக்கிற லஸ்கர் அண்ணன், ஷட்டர் திருகுகிற இரும்புச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு புங்கமரத்தில் சாய்ந்திருந்தார். நாச்சிமுத்து அண்ணனுக்குத் தண்ணீரே தேவையில்லை. மாமா பேசுவதைக் கேட்க வந்தவர்.

நான்தான் முதலில் பேசினேன். மண்ணின் ஈரம், வேரின் ஆழம், சராசரி விளைச்சல் என்று ஆதாரத்தோடு அடுக்கினேன். லஸ்கர் அண்ணன் தூங்கிப் போனார்.

மாமா மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்முணி நல்லாத்தான் பேசுது. ஆனா தண்ணிய யாருக்கு வேணுமோ அவனுக்குக் குடுக்கறது பெரிசில்லீங்க. பாய்ச்சத் தெரிஞ்சவனுக்குக் குடுக்கோணும். போன பஞ்சத்துல எனக்குக் கெடச்ச முறை எவ்வளவு? ஒரு பீடி பத்தி அணையற நேரம். அதுல நாலு ஏக்கரா பாய்ச்சினேன்."

"பீடி எவ்வளவு நீளமுங்க?" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"சாதாப் பீடிதான். நான் மம்பட்டியோட முன்னால ஓடறேன், தண்ணி பின்னால ஓடியாருது. நாலு வரப்பு தாண்டித் திரும்பிப் பாத்தா தண்ணியக் காணோம். எங்கடான்னு போயிப் பாத்தா, வரப்போரமா குத்த வெச்சு உக்காந்து மூச்சு வாங்கிட்டு இருக்குது. ஒரு அதட்டுப் போட்டேன். எந்திரிச்சு, எனக்கு முன்னால ஓடிப் போயி, அதுவே வாய்க்கால வெட்டிக்கிட்டு அதுவே பாஞ்சுது."

"பொய்!" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

ரத்தினாள் அக்கா ஒரு விரலைத் தூக்கினார். "முதல் எச்சரிக்கை, புள்ள. இன்னொருக்கா வாயில வந்துதுன்னா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிரோணும்."

மாமா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். என் காதெல்லாம் சூடேறிவிட்டது.

"அதுகூடப் பழைய கதைங்க," என்று தொடர்ந்தார். "இப்பெல்லாம் என்ற சோளத்துக்குத் தண்ணி பாய்ச்சறதே இல்ல. காட்டுனாப் போதும். ஒரு சொம்புல மொண்டு வரப்பு மேல நடந்தம்னா, பயிரெல்லாம் எட்டி எட்டிப் பாக்கும். எட்டிப் பாத்துப் பாத்தே ஆளு ஒசரம் வளந்துரும்."

"போட்டோவுல காட்டினா வளருங்களா?"

"காட்டினேன் நாச்சிமுத்து. முழங்கால் வரைக்கும் வந்துது. அதுக்கு மேல வரல. கருப்பு வெள்ளைப் போட்டோ, அதான்."

நாச்சிமுத்து அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையில் சரிந்தார். ரத்தினாள் அக்காவின் தோள் குலுங்கியது. நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தை தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவில் துள்ளுகிறது. விழுங்குகிறேன், திரும்ப வருகிறது. அது வெளியே குதித்தால் கடலைக்காடு போச்சு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இவரை எதற்கு மறுக்க வேண்டும்? இங்கே இவர் சொல்வதெல்லாம் நிஜம். சட்டமே அப்படித்தான். அப்படியானால் இவர் இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமே.

"மாமா, எனக்கு ஒரு சந்தேகமுங்க," என்றேன்.

ரத்தினாள் அக்காவின் விரல் அசைந்தது.

"அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேனுங்க்கா. கணக்குத்தான் கேக்கறேன். காட்டினாலே பயிர் வெளையுதுன்னா, வருசா வருசம் மாமா வாங்கின மிச்ச முறையெல்லாம் செலவாகாம அப்படியேதான இருக்கோணும்? அத என்ன பண்ணினீங்க மாமா?"

மாமாவின் முகத்தில் தீபாவளி. இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டதில்லை.

"அப்படிக் கேளு கண்ணு! படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான். மார்கழிக் குளுருல தண்ணி சித்த வெறச்சாப்புல இருக்குமல்ல? அப்பப் பாய் சுருட்டறாப்புல சுருட்டி, பரண் மேல அடுக்கிருவேன். சித்திரைல ஒவ்வொண்ணா எடுத்து விரிச்சுக்கறது."

"ஒழுகாதுங்களா?" நாச்சிமுத்து அண்ணன்.

"ஈரப்பக்கத்த உள்ள வெச்சுச் சுருட்டோணும். என்ற மச்சான் அது தெரியாம வெளிப்பக்கம் வெச்சுச் சுருட்டினான். இப்ப அவனூட்டு அடுப்படில கெண்டை மீன் புடிக்கறாங்க."

"அப்பறம் மாமா? அத்தனை சுருளும் பரண்லயேவா இருக்குது?"

"எங்க இருக்குது? கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். ஒரு வருசம் அணை வத்திப் போச்சு. ஆபீசருங்க ஜீப்புல வந்து வாசல்ல நிக்கறாங்க. 'ஏனுங்க, ஒரு சுருள் குடுத்தா அணையத் தொறந்துருவோம்'னாங்க. பாவமாப் போச்சு. தோள்ல போட்டுட்டுப் போயி அணை மேல நின்னு ஒரு உதறு உதறினேன். நெறஞ்சு வழிஞ்சுது. மிச்ச மீதிய இங்கிருந்தே தள்ளி விட்டேன். அந்த வருசம் நம்ம வாய்க்கால் தலைகீழா ஓடுச்சு, என்ற தோட்டத்துல இருந்து அணைக்கு. லஸ்கரக் கேளுங்க."

லஸ்கர் அண்ணன் விழித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லவும் முடியாது, ஆமாம் என்று சொல்லவும் மனசு வராது. "நான் அந்த வருசம் லீவுங்க," என்றார்.

"அப்பறம் மாமா?"

"அப்பறம் கடல்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். நான் என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ராமேசுவரம் போயிருந்தேன். பாத்தா, கடல் வத்திக் கப்பலெல்லாம் ஒருக்களிச்சுப் படுத்துக் கெடக்குது. வழித்துணைக்குன்னு ஒரு சுருள் கொண்டு போயிருந்தேன். அவுத்து விட்டேன். 'அடுத்த சுத்துல திருப்பித் தந்தர்றனுங்க'ன்னு சொல்லுச்சு கடலு. சொன்னதோட சரி. அலை எதுக்குக் கரைக்கு ஓடியோடி வருதுன்னு நெனச்சீங்க? திருப்பிக் குடுக்கலாம்னுதான் வருது. கரைல என்னையக் காணோம்னதும் திரும்பிப் போயிருது."

"நல்ல தண்ணி குடுத்தீங்களே, உப்புக் கரிக்குதே?" என்றார் நாச்சிமுத்து அண்ணன்.

"நான் குடுத்தது தேனாட்டந்தான் இருந்துது. குடுத்த சொல்லக் காப்பாத்த முடியலியேன்னு அது அழுது அழுது உப்பாக்கிருச்சு."

நான் கைதட்டிவிட்டேன். வெட்கக்கேடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை தட்டினாலும் காடு மறக்கவில்லை. கடைசிக் கேள்வியை மிக மரியாதையாக எடுத்து வைத்தேன்.

"அணைக்குக் குடுத்தீங்க, கடலுக்குக் குடுத்தீங்க. இவ்வளவு குடுத்தும் இப்ப உங்க கெணத்துல கொஞ்சமாச்சும் தண்ணி இருக்குதுங்களா மாமா? பாவமா இருக்குது."

"பாவமா? எனக்கா?" மாமா எழுந்தே நின்றுவிட்டார். "கெணத்து வாயில பலகை போட்டு மூடி, பலகை மேல ஆட்டுக்கல்ல வெச்சு, ஆட்டுக்கல்லு மேல உன்ற அத்தைய உக்கார வெச்சுட்டு வந்திருக்கேன்! அவ எந்திரிச்சான்னா இந்த ஊரே மெதக்கும். நேத்து ஒரு தும்மல் போட்டா. பலகை ஒரு சாண் மேல எந்திரிச்சுது. வந்த தண்ணில தோப்பே குளிச்சுது. தென்ன மட்டைலெல்லாம் தவளை குடும்பம் நடத்துது. இன்னொரு சொட்டு விழுந்தாப் போதும், கெணறு வெடிச்சுரும்!"

நான் எழுந்து துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, மாமா பேசினதுல ஒரு சொல்லுகூடத் தப்பில்ல. எல்லாத்தையும் நான் நம்பறேன். நம்பறதுனாலதான் பயமா இருக்குது. தோப்பு குளிச்சாச்சு. இன்னொரு சொட்டு விழுந்தா கெணறு வெடிக்கும். ஒரு முறைத் தண்ணிய முழுசா விட்டா அத்தை என்னாவாங்க? ஊரு என்னாகும்? ஊரக் காப்பாத்தோணும்னா அந்தத் தண்ணிய வேற எங்கியாச்சும் திருப்பி விட்டுருங்க. எங்க கடலைக்காட்டுல விட்டாக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ரத்தினாள் அக்கா வெற்றிலைச் சாற்றைப் பொறுமையாகத் துப்பிவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"என்னங்க, கேட்டீங்களா?"

"அது வந்துங்க…" மாமாவின் மீசை இப்படியும் அப்படியும் போயிற்று. "கெணறு… அவ்வளவு நெறயவா… கொஞ்சம் முன்னப் பின்ன…"

"முன்னப் பின்னன்னா? நீங்க சொன்னது பொய்ங்கறீங்களா?"

"இல்லீங், இல்லீங்! அத்தனையும் நெசந்தானுங்க."

"அப்பத் தண்ணி கடலைக்காட்டுக்கு. லஸ்கரு, சாவிய அந்தப் புள்ளகிட்டக் குடு."

"அத்தை பாவம்," என்றார் நாச்சிமுத்து அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "காத்தால இருந்து ஆட்டுக்கல்லு மேல உக்காந்திருக்காங்க. ஒரு வாய் காப்பியாச்சும் யாராச்சும் குடுத்தாங்களோ என்னமோ."

சாவியை நான்தான் திருப்பினேன். ஷட்டர் கிறீச்சிட்டு எழும்பியது, தண்ணீர் எங்கள் காட்டுப் பக்கம் திரும்பியது. இத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் பால் சொசைட்டியில் மாமா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? அந்தக் கேள்விகளையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானாம். நான் தொட்டிலில் கிடந்தபோதே வாதம் பண்ணக் கற்றுக்கொடுத்தாராம். கடலை காயக் கூடாதே என்ற இரக்கத்தில் வேண்டுமென்றே தோற்றாராம்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்படிப்பட்ட மனிதருக்கு உண்மையால்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எங்கள் காட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தண்ணீர் பாய்ந்து முடிவதற்குள் கடலைச் செடிகள் மண்ணைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. வரப்போரத்துச் செடியின் அடியில் இருந்த ஒரு காயைப் பிடுங்க ஜேசிபி வரவழைத்தோம். அது எடுத்த பள்ளத்தில் இப்போது எங்களுக்கும் ஒரு கிணறு இருக்கிறது. உள்ளே இருந்த பருப்பை வறுக்க ஊரில் சட்டி கிடைக்காமல் தார் போடுகிறவர்களிடம் இரவல் வாங்கினோம். நீங்கள் சொல்ல வருகிற அந்த வார்த்தை எனக்குத் தெரியும். சொல்லிவிடாதீர்கள். இது உங்களுக்கு முதல் எச்சரிக்கை.

ஆதாரமா? அந்தக் கடலைக்காயின் தொலியை இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதியில்தான் அப்பா கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருக்கிறார். மறு பாதியைப் பொங்கியண்ணன் மாமாவே வந்து கேட்டு, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கிணற்று வாய்க்கு அச்சாகப் பொருந்திவிட்டது. பாவம், அத்தை இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார்.