ஒரே ஆழத்தில் களைத்த பூச்சிகள்

முன்னொரு காலத்தில் குவளைநாட்டை விசயகேது என்னும் வேந்தர் ஆண்டிருந்தார். அவருடைய அரண்மனைத் தலைமைத் தச்சரின் திருப்பெயர் ஆதிமூல ஆசாரியார். அகவை அறுபத்தேழு நிறைந்து எட்டுத் திங்கள். பெயரை மட்டும் கேட்டாலும் வயதையும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம்.

இக்கதை நிகழ்ந்த காலையில் அவர் உளியைக் கீழே போட்டுவிட்டு அரண்மனைக்கு விரைந்தார். விரையாமல் என்ன செய்வார்? வேந்தருக்கு வலது முழங்காலில் தீராத வலி. தாழ்ந்த ஆசனத்தில் அமர்ந்தால் பிறர் கைகொடாமல் எழ இயலாது. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். ஆசாரியார் அந்த முழங்காலை மனத்துக்குள் அளந்து, நான்கு விரல் உயர்த்தி, ஊன்றி எழக் கைப்பிடி நீட்டி, ஒரு நாற்காலி செய்து வைத்தார்.

அதைக் கண்டு கலங்கியவர் ஒருவரே. அவர் கோமளேசர், வித்தகசிகாமணி என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்ட அவையினர். இத்தனை காலமும் வேந்தர் எழும்போதெல்லாம் கைகொடுத்து, எழுகின்ற அந்த நொடியில் காதோடு தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கியவர். கை வேண்டாம் என்றால் காது கிடைக்குமா?

நான்காம் நாளே அவர் துளை விழுந்த தாழ்ந்த ஆசனம் ஒன்றைக் கொண்டுவந்தார். "தங்கள் முப்பாட்டனார் அமர்ந்தது, அரசே! நூற்றெழுபது ஆண்டுப் பழமை!" என்றார். வேந்தர் சொக்கிப் போனார். நூறு ஆண்டு ஆகாத எதுவும் அரண்மனைக்குள் இருக்கலாகாது என்று கட்டளை பிறந்தது. வேந்தரின் தந்தையார் ஆடிய ஊஞ்சல் மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்று. ஆசாரியாரின் புது நாற்காலி உச்சிவேளையில் அடுப்புக்கு விறகாக வேண்டும்!

ஆசாரியார் நேரே அவைக்குள் நுழைந்தார். அங்கே வேந்தர் பழைய ஆசனத்தில் புதைந்திருந்தார். முழங்கால்கள் மார்புக்கு நேராக நின்றன. சிரிக்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை.

"ஓய் ஆசாரி! நேற்று முளைத்த நாற்காலிக்கு வக்காலத்து வாங்க வந்தீரோ?" என்றார் கோமளேசர்.

"இல்லை ஐயா, விடைபெற வந்தேன். பெயர் ஆதிமூலம், வயது அறுபத்தேழு. நூறு ஆகவில்லை, கட்டளைப்படி வெளியேற வேண்டியவன். தங்களுக்கு வயது என்ன?"

"நாற்பத்திரண்டு. அதற்கென்ன?"

"நல்லதாயிற்று. வழித்துணைக்கு ஆள் இல்லையே என்று பார்த்தேன்."

அவை குலுங்கிச் சிரித்தது. வேந்தரின் வயதை ஆசாரியார் கேட்கவில்லை; கேட்காததே எல்லார் காதிலும் விழுந்தது.

வேந்தர் முகம் சிவந்தார். "வாய்த்துடுக்கு போதும், ஆசாரியாரே! இந்த ஆசனத்தின் பழமையில் உமக்கு ஐயமா?"

"துளைகளைப் பற்றி மட்டும் ஒரு விளக்கம் வேண்டும், அரசே."

"பூச்சி அரித்த துளைகள்!" என்று கோமளேசர் முந்திக்கொண்டார். "அறுபது துளைகள்! ஒவ்வொன்றும் பழமைக்குச் சாட்சி!"

"சாட்சியை விசாரிக்கலாமல்லவா?" என்ற ஆசாரியார், மூலையில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார்.

"அரசவையில் துடைப்பக்குச்சியா! அடுக்குமா?" என்று கோமளேசர் அலறினார். வேந்தருக்கோ வேடிக்கை பார்க்கும் ஆவல். கோமளேசரின் கையைப் பற்றித் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றார்.

ஆசாரியார் ஈர்க்கை ஒரு துளைக்குள் விட்டார். நேராகச் சென்று, ஒரு விரற்கணு ஆழத்தில் நின்றது. அவ்விடத்தில் நகத்தால் குறியிட்டு அடுத்த துளையில் விட்டார். அதே குறி. மூன்றாவதிலும் அதே. "தாங்களே பாருங்கள், அரசே" என்று ஈர்க்கை நீட்டினார். வேந்தர் பத்துத் துளைகளில் விட்டுப் பார்த்தார். பத்திலும் குறி இம்மியும் பிசகவில்லை.

"மரம் தின்னும் பூச்சி வளைந்து நெளிந்து போகும், ஈர்க்கு பாதியில் முட்டும். இவை ராஜவீதி போட்டுக்கொண்டு நேராகப் போயிருக்கின்றன. போகட்டும், ஒழுக்கமான பூச்சிகள்! ஆனால் அறுபது பூச்சிகளும் ஒரே ஆழத்தில் களைத்துப் போனது எப்படி? சாப்பாட்டுக்கு மணி அடித்தது யார், ஐயா?"

கோமளேசர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

"இது துளைபோடும் துறப்பணத்தின் வேலை, அரசே! புகை போட்டுக் கறுக்க வைத்த புது மரம்!" என்ற ஆசாரியார் ஈர்க்கை வீசி எறிந்தார். "பழமையை நான் பழித்தேனா? கருவூலத்துத் தேக்குப் பெட்டிக்கு வயது நூற்று நாற்பது. நாள்தோறும் அதைக் கும்பிடுகிறேன். அதில் ஒரு துளை காட்டட்டும்! தங்கள் தந்தையாரின் ஊஞ்சலுக்கு அறுபது, இன்றும் கிறீச்சிடாது. அதையா மாட்டுக்கொட்டகையில் போடுவது? வீட்டுக்குள் வரும் பொருளிடம் வயதைக் கேட்குமுன், அமர்பவரின் முழங்காலைக் கேட்க வேண்டாமா?"

முழங்கால் என்றதும் வேந்தர் திடுக்கிட்டார். குனிந்து வலது முழங்காலைத் தடவினார். பின்பு, "அந்தப் புது நாற்காலி எங்கே?" என்றார்.

அது அடுக்களையில் இருந்தது. கோடரி வரும்வரை என்று சமையற்காரர் அதில் அமர்ந்து வெங்காயம் உரித்தாராம். கோடரி வந்தும் எழ மனம் வரவில்லையாம்.

நாற்காலி வந்தது. வேந்தர் அமர்ந்தார். பழக்கத்தில் கோமளேசர் ஓடிவந்து கை நீட்டினார். வேந்தர் கைப்பிடிகளில் இரு கைகளையும் ஊன்றி, தாமே எழுந்தார். நீட்டிய கை நீட்டியபடி அந்தரத்தில் நின்றது.

"கோமளேசரே, அந்தப் பழம்பெரும் ஆசனம் இனி உமக்கே. நாள்தோறும் அவையில் அதில்தான் அமர்வீர். எழும்போது எவரும் உமக்குக் கைகொடுக்கலாகாது!" என்று வேந்தர் ஆணையிட்டார். கட்டளை கிழிந்தது, ஊஞ்சல் திரும்பியது. வேந்தர் தம் முத்துமாலையைக் கழற்றி ஆசாரியார் கழுத்தில் இட்டார். அவர் மறுக்கவில்லை, அறுபத்தேழு வயது மறுக்கும் வயதா?

அவை கலைந்த பின்னும் கோமளேசர் ஆசனத்தில் எழுவதும் விழுவதுமாக இருந்தார். இவ்வழக்கு தீர்ந்தது ஆங்கீரச ஆண்டு, ஆனித் திங்கள் பதினேழாம் நாள், வியாழக்கிழமை.