குழாய் வாயில் கிடந்த ஓரா மீன்கள்

ஆழமில்லாத கடலில் கொம்பாயி என்றொரு பவளம் இருந்தாள். மான்கொம்பு போலக் கிளை கிளையாக வளர்ந்தவள். அவள் இடுக்கில் குறடன் என்ற நண்டு குடியிருந்தான். ஓரா மீன்கள் தினமும் வந்து அவள்மேல் படரும் பாசியை மேயும். வேட்டைக்காரச் சீலா மீன் வந்தால் அவை அவள் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். மீன்களுக்கு வயிறு நிறைந்தது, கொம்பாயிக்கு உடம்பு சுத்தமானது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் கரையில் ஓர் உர ஆலை வந்தது. அதன் கழிவுக் குழாயைக் கொண்டுவந்து கடலில் விட்டார்கள். கடலைக் கேட்டுக்கொண்டா விட்டார்கள்? உரத்தண்ணீர் பட்டதும் பாசி கண்டபடி முளைத்தது. குழாய் வாயில் முளைத்தது நல்ல இளசு. ஓரா மீன்கள் அத்தனையும் அங்கேயே பழியாய்க் கிடந்தன. கொம்பாயி பக்கம் ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை.

"குறடா, மூச்சு முட்டுதுப்பா. மேல வெயிலே படல. தண்ணி வேற எரியுது" என்றாள் கொம்பாயி. அவள் கிளை நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன.

குறடன் தன் சின்னக் கொடுக்கால் பாசியைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தான். இந்தப் பக்கம் பிய்த்தால் அந்தப் பக்கம் முளைத்தது. எரிச்சலோடு குழாய்க்குப் போனான்.

அங்கே ஓரா கூட்டத்தின் தலைவன் புள்ளியன் மேய்ந்துகொண்டிருந்தான்.

"ஏய் புள்ளியா, கொம்பாயி சாகக் கிடக்கிறா. வந்து மேயுங்கடா."

"அங்க உள்ள பாசி முத்திப்போச்சு அண்ணே. இது பாருங்க, வெண்ணெய் மாதிரி."

"இந்தத் தண்ணிதான்டா அவளைக் கொல்லுது!"

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? பிள்ளைங்கள்லாம் கொழுகொழுன்னு இருக்கு. நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காது."

"அவ செத்துட்டா, சீலா வரும்போது எங்கடா ஒளிவீங்க?"

"அவ எங்க போயிடப் போறா? கல்லுதானே."

குறடனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கையில் இருப்பது கொடுக்கு என்பதால் சும்மா விட்டான்.

திரும்பி வந்து பிய்த்தான். மறுபடி போய்ச் சொன்னான். மறுபடியும் வெண்ணெய்க் கதைதான். கடலுக்குள் இருந்தும் அவனுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

ஒரு நாள் சீலா வந்தது. கொழுத்த மீன்கள் அலறியடித்துக்கொண்டு கொம்பாயியிடம் ஓடின. நுழைய வழியில்லை. அவை மேயாமல் விட்ட பாசியே இடுக்குகளை அடைத்திருந்தது. முட்டி மோதிய இடங்களில், வெளுத்துச் செத்த கிளைகள் பொடிந்து உதிர்ந்தன. சீலா அவசரப்படாமல் தின்றது.

குறடன் விடாமல் பிய்த்துப் பிய்த்துக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே கிளைக்குள் புள்ளியன் நுழைந்தான். அவனோடு இன்னும் சில மீன்கள். அவற்றில் அவன் பிள்ளைகள் இல்லை.

"கல்லுதானேன்னு சொன்னேனே அண்ணே" என்று அழுதான் புள்ளியன்.

திட்டுவதற்கென்று இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் குறடனுக்கு மறந்துபோனது. "இந்தக் கிளையாவது உயிரோட இருக்கு. மேய்" என்றான்.

புள்ளியன் மேய்ந்தான். முத்திய பாசி கசந்தது. கரையிலிருந்து குழாய் அதுபாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தது.

இன்று வயிறு நிறைகிறதே என்று, குடியிருக்கும் இடத்தில் கலக்கும் நஞ்சை நல்லதென்று நம்புகிறவன், வீட்டோடு பிள்ளைகளையும் சேர்த்தே இழப்பான்.