‘எதுக்கு?’ என்று கேட்ட சன்னல்

முன்னொரு காலத்தில், பேர் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பேர் சொல்லாமல் விடவேண்டிய ஒரு ராஜ்யத்தில், எதுவும் புதிதாக இருந்தால்தான் பிடிக்கும் என்கிற ராஜா ஒருவர் இருந்தார். நேற்றுக் கட்டிய தலைப்பாகையை இன்று கட்டமாட்டார். அவர் சபையில் கஞ்சமலை என்றொரு விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. பெருமைப்படுகிற பிழைப்பு இல்லை. யாராவது ஒருத்தன் குறுகி நின்றால்தான் சபைக்குப் பாதிச் சிரிப்பு வரும்.

அரண்மனை விளக்குகளைக் கோட்டைக்குள்ளேயே ஒரு பட்டறையில் வெண்கலத்தில் வார்த்தார்கள். குத்துவிளக்குக்கு ஓர் அச்சு, தூக்குவிளக்குக்கு ஓர் அச்சு, கைவிளக்குக்கு ஓர் அச்சு என்று வரிசையாக இருந்தன. ஆனால் யாரும் நேரே அச்சிடம் போக முடியாது. பட்டறை வாசலில் ஒரு சன்னல் இருந்தது. அதற்குப் பின்னால் பேயாண்டி உட்கார்ந்திருப்பான். உலைப்புகையில் ஒரு கண் பழுதானவன். எந்த விளக்கையும் நல்ல கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பான். விளக்கு வேண்டும் என்று வந்தவரிடம் ஒரே கேள்வி கேட்பான். "எதுக்கு?"

குதிரை லாயத்துக்கு என்றால் காற்றில் அணையாத கூண்டு விளக்கைக் கொடுப்பான். பழசு நன்றாக இருந்தால் துடைத்து அதையே கொடுப்பான். இல்லாவிட்டால்தான் உள்ளே சொல்லிப் புதிதாக வார்க்கச் சொல்வான். சில நேரம், "நிலா இருக்கில்ல, போங்க" என்று அனுப்பிவிடுவான். கொடுத்தது புதிதா பழசா என்று சொல்லவும் மாட்டான். அதனால் அவனை யாருக்கும் பிடிக்காது. நடுவில் ஒருத்தன் உட்கார்ந்து தீர்மானம் பண்ணினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

எல்லாரையும்விடப் படைக்குத் தலைவரான தளவாய் திருவேங்கடத்துக்குத்தான் எரிச்சல் அதிகம். வீட்டு விருந்துக்கு ஆளுயரக் குத்துவிளக்கு கேட்டவருக்குப் பேயாண்டி முழங்கால் உயர விளக்கைக் கொடுத்தனுப்பியிருந்தான்.

ஒரு நாள் சபை களை கட்டவில்லை. ராஜா கொட்டாவி விட்டார். கஞ்சமலை எழுந்து ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டான். ராஜாவின் தாம்பூலத் தட்டை மூக்குக்குக் கிட்டே பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினான். "மகாராஜாவுக்குச் சோறா? எதுக்கு? நேத்துத்தானே சாப்பிட்டீங்க?" என்றான் பேயாண்டியின் குரலில்.

சபை உருண்டு சிரித்தது. ராஜா கண்ணீர் வரச் சிரித்து, தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். சிரித்த வேகத்திலேயே ஆணையும் பிறந்தது. சன்னலை அடைக்க வேண்டும். இனி யார் வேண்டுமானாலும் நேரே அச்சிடம் போகலாம். அச்சின் பேரைச் சொன்னால் புதிதாக வார்த்துக் கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்கக்கூடாது, பழசைக் கொடுக்கக்கூடாது, இல்லை என்று சொல்லக்கூடாது.

அப்போதுதான் கஞ்சமலை வாசற்படியைப் பார்த்தான். சாயங்கால விளக்கைக் கொண்டுவந்து பேயாண்டி அங்கே நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை. விளக்கை இறக்கி வைத்து, திரியை நிமிண்டிவிட்டுப் போய்விட்டான். புதுச் சால்வை கஞ்சமலையின் கழுத்தில் காய்ந்த புல்லாகக் குத்தியது.

இன்றைக்குக் கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களுக்குள்ளும் இதே தகராறுதானாம். அச்சுக்கு அவர்கள் ஊரில் கிளாஸ் என்று பேராம். நேரே போய் வார்ப்பது கன்ஸ்ட்ரக்டராம், நடுவில் சன்னல் வைப்பது ஃபேக்டரியாம். எது நல்லது என்று படித்தவர்களே முட்டிக்கொள்கிறார்களாம். கேள்விப்பட்ட சேதி, நம்புவது கேட்பவர் பாடு. இந்த ராஜ்யத்தில் நடந்ததை மட்டும் சொல்லலாம்.

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். கைவிளக்கு என்றால் கைவிளக்கு வந்தது. கேட்டது கிடைத்தது, ஏமாற்றமில்லை. சமையல்காரர்கள் பேயாண்டி தொலைந்தான் என்று பாயசம் வைத்தார்கள். பிறகு பாட்டு வாத்தியார் பட்டறைக்குப் போய் "ஒரு விளக்குக் கொடுங்கள்" என்றார். பட்டறைத் தலைவர் மாசிலாமணி ஆசாரி கையைப் பிசைந்தார். விளக்கு என்று தனியாக ஓர் அச்சு ஏது? எந்த விளக்கு என்று பேர் சொன்னால்தான் வார்க்க முடியும். வாத்தியாருக்குப் பேர் தெரியவில்லை. அன்று இருட்டில் உட்கார்ந்து பாடினார். பேர் தெரிந்தவர்களோ நாளுக்கொன்று வார்த்துக்கொண்டு போனார்கள். எண்ணெய் தீர்ந்தது. வெண்கலம் அடிமட்டத்துக்கு வந்து, கோயில் மணியை உருக்கலாமா என்று அதன்மேல் கண் போயிற்று.

பேயாண்டி கோட்டை வாசலில் புல்லுக்கட்டு விற்றான். நல்ல புல்லா காய்ந்த புல்லா என்று ஒவ்வொரு கட்டையும் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்ப்பான். அந்த வாசல் வழியாகப் போகாமல் கஞ்சமலை தோல் பதனிடுகிற தெருவைச் சுற்றிக்கொண்டு போனான். அந்த நாற்றம் அவனுக்குத் தாங்கிற்று.

தளவாய் சமயம் பார்த்திருந்தார். "பிரபு, இந்தக் கேட்டுக்கு மூலம் விகடனின் வாய். அவனே சரிசெய்யட்டும்" என்றார். ராஜாவும் கோபத்தில் இருந்தார்.

"கஞ்சமலை, பட்டறையில் பொருள் பாழாவது நிற்க வேண்டும். ஆனால் நம் ஆணையில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. சொன்ன சொல்லை நாம் திரும்ப வாங்குவதில்லை. நம் பட்டாபிஷேக நாள் ஊர்வலத்துக்குள் முடிக்காவிட்டால் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி உன்னை ஊரைவிட்டுத் துரத்துவோம்."

கஞ்சமலை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். துரத்தினால் பரவாயில்லை என்றுகூட இருந்தது. பேயாண்டி புல்லுக்கட்டோடு நிற்கிற வாசல் வழியாகத் துரத்துவார்களே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பட்டறைக்குப் போய் அச்சுகளைப் பார்த்தான். மூலையில் குலவிளக்கின் அச்சு இருந்தது. குலவிளக்கு அரண்மனையில் ஒன்றே ஒன்றுதான். ராஜ வம்சத்தின் முதல் ராஜா ஏற்றியது. அதன் முன்னால்தான் பட்டாளம் சத்தியம் பண்ணும். அதைக் கண்டால் யாராக இருந்தாலும், ராஜாவே ஆனாலும், வாகனத்தைவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டுத்தான் நகர வேண்டும். முன்பு ஒரு தலைமுறையில் விரிசல் கண்டு அதைத் திரும்ப வார்த்தார்கள். அச்சு அப்படியே கிடந்தது. குலவிளக்கு வேண்டும் என்று யார் சன்னலுக்கு வந்தாலும் பேயாண்டி அந்த ஒரே விளக்கைத்தான் எடுத்துக் கொடுப்பான், காரியம் முடிந்ததும் வாங்கி வைப்பான்.

"இதை யாராவது கேட்டார்களா?" என்றான் கஞ்சமலை.

ஆசாரி அக்கம்பக்கம் பார்த்தார். "கேட்காம என்ன. ஆணை வந்த மறுநாளே ஒருத்தர் வந்து வார்த்துக்கிட்டுப் போனார். எதுக்குன்னு நான் கேட்கக்கூடாதே."

யார் என்று ஆசாரி காதோடு சொன்னார். கஞ்சமலை அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே அரண்மனைச் சேவகர் தெருவுக்குப் போய், நாவிதர், வண்ணார், பந்தம் பிடிப்பவர், பல்லக்குத் தூக்கிகள் எல்லாரையும் பட்டறைக்கு அனுப்பினான்.

ஊர்வல நாள் வந்தது. ராஜா பட்டத்து யானைமேல் வந்தார். பின்னால் குதிரைமேல் தளவாய். சேவகர் தெரு திரும்பியதும் நாவிதர் வீட்டு வாசலில் குலவிளக்கு எரிந்தது. ராஜா திகைத்தார். யானை மண்டியிட்டது. இறங்கி, செருப்பைக் கழற்றி, கும்பிட்டு ஏறினார். அடுத்த வீடு வண்ணார் வீடு. அங்கேயும் குலவிளக்கு. மறுபடி இறங்கினார். அதற்கடுத்த வீட்டிலும் எரிந்தது. பாதித் தெருவில் யானை எழுந்திருக்க மறுத்துவிட்டது. ராஜா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார். தளவாய் தொந்தியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதும் இறங்குவதுமாக வந்தார். ஜனங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ராஜாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடந்தார்.

தெருக்கோடியில் கஞ்சமலையும் ஒரு குலவிளக்கோடு நின்றான்.

"பிரபு, குலவிளக்கைக் கள்ளத்தனமாக வார்ப்பது ராஜதுரோகம். இவன் தலையை வாங்க வேண்டும்" என்றார் தளவாய், மூச்சு வாங்க.

"தளவாய் சொல்வது நியாயம், மகாராஜா" என்றான் கஞ்சமலை. "வார்த்தவர்கள் தலையை வரிசைப்படி வாங்கலாம். முதலில் வார்த்தவரிடம் ஆரம்பிப்போம். ஊர்வலம் தளவாய் வீட்டுக்குள்ளும் போகட்டும். அங்கேயும் மகாராஜா செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும்."

தளவாயின் முகம் வெளுத்தது. வீரர்கள் அவர் வீட்டுக்குள் போய், பட்டுத்துணி போர்த்தியிருந்த குலவிளக்கைத் தூக்கி வந்தார்கள். பட்டாளத்திடம் சத்தியம் வாங்குகிற விளக்கு தளவாய் வீட்டில் எதற்கு என்று ராஜா கேட்டார். நெடுநாளைக்குப் பிறகு அந்த ராஜ்யத்தில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. தளவாயின் வாளை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

"எல்லாம் உங்கள் ஆணைப்படி நடந்தது, மகாராஜா. பேர் சொன்னோம், வார்த்தார்கள். அச்சுக்கு வார்க்கத்தான் தெரியும். முன்பே ஒன்று இருக்கிறது, போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது."

"ஆணையை நாம் மாற்ற முடியாதே" என்றார் ராஜா.

"மாற்ற வேண்டாம். அச்சிடம் போகலாம் என்றுதான் ஆணை. அச்சு எங்கே இருக்க வேண்டும் என்றும், அடைத்த சன்னலைத் திறக்கக்கூடாது என்றும், பேர் சொல்லாமல் வருபவரிடம் எதற்கு என்று கேட்கக்கூடாது என்றும் ஆணையில் இல்லை. அகலும் கைவிளக்கும் ஏழைக்கும் அன்றாடம் வேண்டியவை. எதற்கு என்று கேட்க அவற்றில் ஒன்றுமில்லை. அந்த அச்சுகள் வெளியிலேயே இருக்கட்டும், நேரே போய் வார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே இருக்க வேண்டியதன் அச்சையும், பேர் தெரியாமல் வருபவர்களுக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியவற்றையும் பேயாண்டியின் அறையில் வைத்துச் சாவியை அவனிடம் கொடுங்கள்."

ராஜா செருப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பொற்கடகத்தைக் கழற்றி அவன் கையில் மாட்டி, இன்னும் என்ன வேண்டும் கேள் என்றார்.

கஞ்சமலை விளக்கை இறக்கி வைத்தான். "மகாராஜா, அன்று சபையில் ஒருத்தன் கண் ஊனத்தைக் காட்டிச் சிரிக்க வைத்தேன். அது ஈனத்தனம். அதைச் சபையறியச் சொல்ல வேண்டும், வேறொன்றும் வேண்டாம்."

ராஜா அதற்கும் சிரித்தார். ஊர்வலத்தில் வந்த சபையோரும் சேர்ந்துகொண்டார்கள். விகடன் வருத்தப்படுவதுகூட எவ்வளவு தத்ரூபம் என்று யாரோ மெச்சினார்கள்.

பொழுது சாயும்போது சன்னல் திறந்திருந்தது. கஞ்சமலை தயங்கித் தயங்கிக் கடைசியாகப் போய் நின்றான்.

"அண்ணே, ஒரு விளக்கு."

"முன்னெல்லாம் டேய்னு கூப்பிட்ட வாய், இன்னிக்கு அண்ணேங்குது" என்றான் பேயாண்டி, நிமிராமல். "எதுக்கு?"

"வீட்டுக்குப் போக." பிறகு சொன்னான்: "எல்லாருக்கும் முன்னால தப்புன்னு சொன்னேன் அண்ணே. சிரிச்சுட்டாங்க."

"நீர் பழக்கி வச்ச சிரிப்புதானே."

பேயாண்டி பின்னால் திரும்பித் துழாவி, மூக்கு நசுங்கிய ஒரு பழைய அகலை எடுத்தான். கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தான். மெல்லிய திரியாகப் போட்டு ஏற்றிச் சன்னல் வழியாக நீட்டினான்.

"இதுல வழி தெரியும். எதிர்ல வர்றவங்களுக்கு உம்ம முகம் தெரியாது. இன்னிக்கு உமக்கு இதுதான் தோது. காலையில கொண்டாந்து குடுத்துரும்."

கஞ்சமலை அகலை வாங்கிக்கொண்டு, பொற்கடகத்தை மேல்துண்டில் மறைத்து, கோட்டை வாசல் வழியாகவே வீட்டுக்குப் போனான்.