எலுமிச்சம்பழம் உருண்ட பக்கம்

கதையை மட்டும் கேட்க வந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போகலாம். மற்றவர்கள் விடையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

சேவலேறிக் குன்றை ஆண்ட ஜமீன்தார் விசயரங்கருக்குத் தேக்கின் மேல் தீராத ஆசை. குன்றில் ஒட்டிக் கிடந்த மூன்று சரிவுகளை மூன்று பேரிடம் கொடுத்து நடச் சொன்னார். சாய்வு குறைந்த செம்மண் சரிவு உத்தண்டிக்குப் போனது. செங்குத்தானது சங்கிலிக்கு. நடுவில் ஒரு சரளைக்காடு. எவனும் வேண்டாமென்று தள்ளிய அதுதான் கணவனை இழந்த குருவம்மாளின் தலையில் விழுந்தது.

தேக்கைத் தவிர வேறெதுவும் நிற்கக் கூடாது, தரை கூடம்போல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஜமீன் கட்டளை. மாசியில் அவர் பார்வையிட வருமுன் அரண்மனையிலிருந்து ஆளுக்கொரு கட்டு விளக்குமாறு வந்துவிடும். சருகையெல்லாம் கூட்டிக் குவித்துக் கொளுத்த வேண்டும்.

உத்தண்டியும் சங்கிலியும் கூட்டினார்கள், கொளுத்தினார்கள், சபாஷ் வாங்கினார்கள். முதல் வருஷம் குருவம்மாளும் கூட்டத்தான் செய்தாள். பங்குனி வெயிலில் அவளுடைய கன்றுகளில் பாதி கருகிப்போயின. கூட்டாமல் விட்டுப்போன ஒரு மூலையில் சருகை விலக்கிப் பார்த்தாள். மண் கைக்கு ஈரமாக இருந்தது. அன்றோடு சரி. அடுத்த மாசியில் வந்த விளக்குமாற்றுக் கட்டைத் தூக்கிப் புதருக்குள் எறிந்தாள். கன்று பட்டுப்போன இடங்களில் வேங்கையும் நாவலும் புங்கும் தாமாக முளைத்தன. அவள் பிடுங்கவில்லை. செடியும் கொடியும் மண்டின. பாம்பு வந்து சேரும் என்று பயமுறுத்திப் பார்த்தார்கள்.

"வரட்டுமே, அதுக்கும் ஒரு எடம் வேணும்லா" என்றாள்.

இப்படியே பத்து வருஷம் திட்டு வாங்கினாள். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும், அதை மறைப்பானேன்?

அந்தப் பத்து வருஷத்தில் நடந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், நினைவில் வையுங்கள்.

ஒன்று மழை. உத்தண்டியின் சுத்தமான தரையில், அகன்ற தேக்கிலைகளிலிருந்து சொட்டிய பெருந்துளிகள் கோழி கிளறியதுபோல் குழி பறித்தன. சங்கிலியின் சரிவில் வெள்ளம் இரைந்துகொண்டு இறங்கியது. இரண்டு பேர் ஓடையிலும் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. குருவம்மாளின் சரிவிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூடக் கீழே வரவில்லை. "பெய்யுற மழையையும் முழுங்கிட்டு நிக்கு பாரு உன் காடு" என்று சங்கிலி சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

இன்னொன்று கல்தொட்டி. குருவம்மாளின் சரிவும் உத்தண்டியின் சரிவும் சேரும் அடிவாரத்தில் ஜமீன் மாடுகளுக்குத் தொட்டி கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். முழ ஆழத்தில் அகன்ற பாறைத்தட்டு ஒன்று தட்டுப்பட்டது. பூஜைக்காக அதன்மேல் வைத்த எலுமிச்சம்பழம், குருவம்மாள் பக்கமிருந்து உருண்டு, உத்தண்டியின் எல்லைக்குள் போய் நின்றது. "சாமியே ஆளைக் காட்டிட்டாரு!" என்று எல்லோரும் உத்தண்டியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

பத்தாம் வருஷம் மழை பொய்த்தது. சித்திரையில் கிணறுகளெல்லாம் வாய் பிளந்தன. ஆனால் உத்தண்டியின் சரிவுக்குக் கீழே, அந்தப் பாறை முடியும் இடத்தில், ஓர் ஊற்று மட்டும் வற்றவே இல்லை. அடைமழையிலும் அது ஒருநாளும் கலங்கியதில்லை.

ஜமீன்தார் வந்தார், கோடாலிக்காரர்களும் கூடவே வந்தார்கள். "இந்தத் தண்ணீரைத் தந்த சரிவு நிற்கும். மற்ற இரண்டையும் வெட்டி, அதே முறையில் புதிதாக நடுவேன். வெட்டுப்பட்ட சரிவின் ஆள் குன்றை விட்டு இறங்க வேண்டும்" என்றார்.

"என் நெலத்துல ஊறுது. சாமியும் சாட்சி சொல்லிட்டாரு" என்றான் உத்தண்டி.

"மழையில அதிகமா தண்ணிய எறக்குனது என் சரிவுதான் எசமான். எறங்குனதுதான ஊறும்?" என்றான் சங்கிலி.

"அது என் காட்டுத் தண்ணி" என்றாள் குருவம்மாள். கூட்டம் சிரித்தது. கோடாலிக்காரர்கள் அவள் சரிவைப் பார்த்து நடந்தார்கள். அவள் முந்திப் போய் ஒரு வேங்கையில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"மொதல் வெட்டு என்மேல விழட்டும். அப்புறமா மரத்துக்கு வாங்க."

கோடாலி அந்தரத்தில் நிற்கிறது. நாமும் இங்கே நிறுத்துவோம். சொல்லுங்கள், மூவரில் யார் சொன்னது சரி? எந்தச் சரிவு நிற்க வேண்டும்?

விடை: குருவம்மாளின் சரிவு. கூட்டிக் கொளுத்திய தரை இறுகிப்போய் மழையை உள்ளே விடவில்லை. செங்குத்துச் சரிவில் அது நிற்கவும் இல்லை. சங்கிலியின் தண்ணீர் ஐப்பசியிலேயே மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டது. இரண்டில் எது ஊற்றில் சேர்ந்திருந்தாலும் ஊற்று சிவந்திருக்கும். சருகும், பலவகை வேரும், யாரும் விரும்பாத சரளையும் சேர்ந்து குருவம்மாளின் மழையைப் பாறைவரை இறக்கின. அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் போன வழியில் தண்ணீரும் போனது. சாமி காட்டியது ஆளை அல்ல, பாறையின் சாய்வை.

குருவம்மாள் இதைச் சொல்லக் கேட்ட ஜமீன்தார் அதே பாறையில் மறுபடி ஒரு பழத்தை வைத்துப் பார்த்துவிட்டு, வெட்டச் சொல்லி மற்ற இரண்டு சரிவுகளின் பக்கம் கையை நீட்டினார். குருவம்மாள் மறித்தாள்.

"அவுக மரத்தையும் வெட்டாதீங்க. கொளுத்துறத நிறுத்துனா போதும்."

"சரி. பத்து வருஷம் என் கட்டளையை மீறினாயே, அதற்கு மன்னிப்பாவது கேள்" என்றார் அவர்.

"எதுக்கு எசமான்? நீங்க குடுத்தனுப்புன வெளக்குமாறு அம்புட்டும் அந்தக் காட்டுலதான் மக்கிக் கெடக்கு. இந்தத் தண்ணியில அதுக்கும் பங்கு உண்டு. குடிங்க."