ஓரத்து இடம் கேட்டவன்

பாதி ஆட்டம் முடிந்திருந்தது. கஜபதி தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தான். இடுப்பு வலி, தோள் வலி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சலிப்பு. ஆவடியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இது தேவைதானா என்று அவனுக்கே தோன்றியது.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர்; காலுக்கு அதில் அவ்வளவாக வேலையில்லை. எதிரணி பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முன்னேறப் பார்க்கும், இவர்கள் மறிக்க வேண்டும். கஜபதியின் இடம் மறிக்கிற வரிசையின் நட்டநடுவில், பந்துக்கு நேர் எதிரே. ஒவ்வொரு முறையும் இரண்டு தடியன்கள் சேர்ந்து அவன்மேல் விழுவார்கள். அவர்களோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னால் நிற்கும் திலக் சாவகாசமாக ஓடிவந்து பந்துக்காரனைச் சாய்ப்பான். கைதட்டல் திலக்குக்கு.

ஒருவனைச் சாய்த்தால் தலைக்கவசத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது இந்த அணியின் வழக்கம். திலக்கின் கவசத்தில் இனி ஒட்ட இடமில்லை. கஜபதியுடையது கடையில் வாங்கின மாதிரியே இருந்தது.

போன வாரம் அவன் மனைவி கற்பகம் முதல் தடவையாக ஆட்டம் பார்க்க வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில், "ஏன்யா, உன்னை ஆடவே விடலையா?" என்று பாவமாகக் கேட்டாள். இடுப்பு வலியெல்லாம் அதற்கு உறைபோடக் காணாது.

பயிற்சியாளர் வின்சென்ட் மாஸ்டர் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"மாஸ்டர், என்னை வரிசையோட ஓரத்துக்கு மாத்துங்க."

"ஏன்?"

"அங்கன்னா ஓடலாம். நாலு பேரைப் புடிக்கலாம். நானும் இருக்கேன்னு தெரியும்."

மாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. "சரி, மாத்திடலாம். கொஞ்ச நேரம் உக்காரு," என்றார். நடுவில் நிற்கப் பாஸ்கரை அனுப்பினார். பாஸ்கர் நல்ல ஓட்டக்காரன், உடம்புதான் கிடையாது.

ஆட்டம் தொடங்கியது. தடியன்களில் ஒருவனே பாஸ்கரைத் தள்ளிக்கொண்டு போனான். மற்றவனுக்கு அங்கே வேலையில்லை. அவன் நேரே போய்த் திலக்கை இடித்துக் கீழே தள்ளினான். பந்துக்காரன் அந்த வழியாக நிம்மதியாக ஓடினான்.

கஜபதிக்கு முதலில் உள்ளூர ஒரு சந்தோஷம். பொய் சொல்வானேன்.

அடுத்த முறையும் அதே கதைதான். அதற்கடுத்த முறை திலக் எழுந்திருக்க நேரமாயிற்று. முட்டியைப் பிடித்துக்கொண்டு, யாரையோ தேடுகிறவன்போல் மைதானத்துக்கு வெளியே, கஜபதி உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். கஜபதியின் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"திலக்குக்கு இன்னிக்கு என்ன ஆச்சு மாஸ்டர்?"

"ஒண்ணும் ஆகலை. எப்பவும்போலதான் ஆடறான்."

கஜபதி கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தான். முட்டி இரண்டும் முனகின.

"ஓரத்துக்குத்தானே?" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர். நடுவுக்கே போறேன்."

மைதானத்துக்குள் இரண்டடி வைத்தவன் நின்றுவிட்டான். மனசு அவ்வளவு சுலபத்தில் அடங்குமா?

"நான் போனா திலக் புடிச்சிடுவான். அவனுக்குக் கை தட்டுவாங்க. நான் அங்க நின்னேன்னு யாருக்கு மாஸ்டர் தெரியப்போவுது?"

மாஸ்டர் களைப்போடு எதிரணிப் பக்கம் கையைக் காட்டினார்.

"திலக்கைத் தள்ளினானே, அந்தத் தடியன். நீ எழுந்து நின்னதுமே திரும்ப நடுவுக்கு வந்துட்டான் பாரு. அவனைப் போய்க் கேளு."